கரைக்கு வெளியே மஞ்சள் கொடி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கப்பல்காரரின் பதில்கள்

கொரோனா காலத்தில் நாடுகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது பசிபிக் தீவு நாடான பிஜி பாய்மரப் படகுக்காரர்களை ஏன் வரவேற்றது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "பிழைப்புக்காக. ஆனால் ஊர்மக்கள் எல்லோரும் ஒரே மனதாக அதை ஏற்கவில்லை" என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் குவிந்துவிட்டதால் இந்த இதழின் பக்கங்களை ஆசிரியர் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டார். பிஜியின் லௌடோகா துறைமுகத்தில் சர்க்கரை ஏற்றப் போய் வந்தவன் நான். அங்கே பழகிய ஒரு தமிழ்க் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சு இருக்கிறது. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பசிபிக் தீவுக்காரர்கள் விருந்தோம்பலுக்குப் பேர்போனவர்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களே நடுக்கடலில் தவித்து வந்த படகுகளை உள்ளே விடாதது மனிதத்தன்மையா? (வாசகர், மதுரை)

கடுமை காட்டிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆண்டுதோறும் பனாமாவிலிருந்தும் கலாபகோஸ் தீவுகளிலிருந்தும் படகுகள் கிளம்பி பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளுக்கு வரும். கலாபகோஸிலிருந்து ஏறக்குறைய 3,000 கடல் மைல். மூன்று நான்கு வாரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. 2020 மார்ச்சில் அப்படிப் புறப்பட்டவர்கள் கிளம்பும்போது உலகம் திறந்திருந்தது, வந்து சேர்ந்தபோது மூடியிருந்தது. நுக்கு ஹிவா தீவின் விரிகுடாவில் நங்கூரம் போட்டவர்களைக் கரையேற விடவில்லை, படகுக்குள்ளேயே இருங்கள் என்றார்கள். பலரை 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தஹிதிக்குப் போகச் சொன்னார்கள்.

ஆனால் கரையில் நின்றவர்களின் நினைவில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1874 அக்டோபரில் அந்தத் தீவுகள் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போயின. தலைவர் தாக்கொம்பாவ் தம் பிள்ளைகளோடு சிட்னிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1875 ஜனவரியில் டைடோ என்ற போர்க்கப்பலில் திரும்பினார்கள். கப்பலில் தட்டம்மை இருந்தது. தனிமைப்படுத்தலைக் குறிக்கும் மஞ்சள் கொடியை ஏற்றவில்லை, யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. தலைவரைப் பார்க்கப் பல தீவுகளின் ஊர்த்தலைவர்கள் கூடினார்கள், கூட்டம் முடிந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். சில மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் செத்தார்கள். நாலில் ஒருவர் என்ற அளவில் மரணம். நோயுற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாத ஊர்கள் இருந்தன.

1918 இறுதியில், உலகெங்கும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவியிருந்தபோது, ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் வந்தது. பிஜியைத் தொட்டு, நவம்பர் 7 அன்று சமோவாவின் ஆபியாவில் நின்றது. காய்ச்சலோடு இருந்தவர்களை அங்கே இறங்கவிட்டார்கள். மேற்கு சமோவாவில் ஏறத்தாழ 8,500 பேர் மடிந்தார்கள், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்துவிட்டார். அங்கே அந்தக் காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை. மேற்கு சமோவா அப்போது நியூசிலாந்தின் நிர்வாகத்தில் இருந்தது. இந்தத் தவறுக்கு நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002-இல் சமோவாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

பாட்டி சொல்லிக் கேட்ட சாவுகள் இவை. 2020 மார்ச்சில் நம் ஊர்களிலும் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலை கட்டி, வெளியூர்க்காரர் வரக்கூடாது என்று பலகை வைத்தோமே, அதே பயம்தான் அங்கும். தீவுக்காரருக்கு எல்லை கடல். அதில் முள் வெட்டிப் போட முடியாது, கரையில் நின்று கையை ஆட்டி "வராதே" என்று சொல்லத்தான் முடியும்.

கேள்வி: படகுகளுக்கான பிஜி அரசின் அந்த 'புளூ லேன்' (நீலப் பாதை) திட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

2020 ஜூனில் அறிவித்தார்கள். அதற்குள் பிஜியில் மொத்தம் 18 பேருக்கே தொற்று கண்டு, எல்லோரும் குணமாகியிருந்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஊருக்குள் தொற்றே இல்லை. ஆனால் நாட்டின் பொருளாதாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுற்றுலா தாங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் கிட்டத்தட்ட 9 லட்சம் பயணிகள் வந்தார்கள், அது அந்த நாட்டு மக்கள்தொகைக்குச் சமம். அப்படி வந்துகொண்டிருந்த கூட்டம் ஒரே மாதத்தில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

திட்டம் இதுதான். புறப்படும் துறைமுகத்திலேயே பரிசோதனை செய்து தொற்று இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். வழியில் எங்கும் இறங்காமல், யாரையும் ஏற்றாமல் நேராக நாந்தி நகருக்கு அருகே உள்ள டெனராவ் மாரினாவுக்கு (படகுத் துறைக்கு) வர வேண்டும். வேறு துறையில் நுழையக்கூடாது. கடலில் 14 நாளோ அதற்கு மேலோ கழித்திருந்தால் அதையே தனிமைப்படுத்தலாகக் கணக்கில் கொள்வார்கள். வந்ததும் இன்னொரு பரிசோதனை, அதில் தேறினால் கரையேறலாம். 14 நாள் ஆகவில்லை என்றால் மிச்ச நாளைக் கரைக்கு வெளியே நங்கூரத்திலேயே, மஞ்சள் கொடியோடு கழிக்க வேண்டும். செலவெல்லாம் படகுக்காரருடையது.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு சரியான கணக்கு. தஹிதியிலிருந்து பிஜி ஏறக்குறைய 1,800 கடல் மைல், சாதாரணப் பாய்ப்படகுக்கு இரண்டு வாரம். நியூசிலாந்திலிருந்து என்றால் 1,100 மைல் சொச்சம், பத்து நாளுக்குள் வந்துவிடலாம், மிச்சத்தை நங்கூரத்தில் கழிக்கலாம். இரண்டு மூன்று பேர் உள்ள படகில் யாருக்காவது தொற்று இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். முந்தைய துறைமுகத்தின் சான்றும் படகின் பயணப் பதிவேடும் இருப்பதால் பொய் சொல்வதும் எளிதல்ல.

எனக்கு உறுத்தியது வேறு. அதே ஜூன் கடைசியில், சொந்த விமானத்தில் வந்து தனித்தீவை வாடகைக்கு எடுத்துக் கோடிக்கணக்கில் முதலீடு செய்ய விரும்பும் பெரும் பணக்காரர்களுக்கும் பிஜியில் இடம் உண்டு என்ற பொருளில் பிரதமர் பைனிமராமா ட்விட்டரில் எழுதினார். வெளிநாட்டில் சிக்கிய சொந்த மக்கள் மீட்பு விமானத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. படகுத் திட்டத்தை மருத்துவக் கணக்காகப் பார்த்திருக்க வேண்டிய சாதாரண ஜனம், பணக்காரனுக்கு ஒரு வழி நமக்கு ஒரு வழி என்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

கேள்வி: அரசாங்கம் சொன்னது இருக்கட்டும். ஊர்மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் ஐயா? உங்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னதை எழுதுங்கள். (வாசகி, நாகர்கோவில்)

நாந்தியில் உள்ள என் நண்பரின் தாத்தா வடஆர்க்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். நண்பர் பேசுவது பாதி தமிழ், பாதி பிஜி இந்தி. சிங்கடோகா பள்ளத்தாக்கில் விளையும் காய்கறியை வாங்கி வந்து மாரினாவில் நிற்கும் படகுகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். படகுக்காரர் கேட்பது ஹோட்டல்காரர் கேட்பது மாதிரி இருக்காது. முட்டையை ஒருமுறைகூட ஃபிரிட்ஜில் வைத்திருக்கக்கூடாது என்பார்கள், அப்போதுதான் கடலில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். தக்காளி பாதி பச்சையாக வேண்டும். முட்டைகோஸின் வெளி இலையைக் கிள்ளக்கூடாது. இதெல்லாம் தெரிந்து கொடுப்பதால் அவருக்கு நல்ல பெயர்.

2020 மார்ச்சில் அந்த வருமானம் நின்றது. மனைவிக்கு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை, அதுவும் போனது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஊரெல்லாம் பண்டமாற்றுக்குத் திரும்பிவிட்டது. பேஸ்புக்கில் அதற்கென்றே பெரிய குழு உண்டாகி, பன்றியைக் கொடுத்துக் கயாக் வாங்கும் அளவுக்குப் போனது. ஜூனில் படகுகள் வரப்போகின்றன என்று ரேடியோவில் கேட்டதும் நண்பர் அழுதே விட்டாராம். அதே கூரையின் கீழே அவருடைய அம்மா இருந்தார். எண்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. "காசுக்காக வீட்டுக்குள்ள நோயைக் கொண்டாந்தா நான் சமையல்கட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மைத்துனி லௌடோகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை, முகக்கவசத்தை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாராம்.

ஒரே வீட்டில் இத்தனை மனம். ஊர்மக்கள் ஆதரித்தார்கள் என்றோ எதிர்த்தார்கள் என்றோ ஒரு பக்கமாக எழுதுகிறவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். ஆனாலும் இடத்துக்கு இடம் ஒரு சாய்வு இருந்தது. டெனராவ், நாந்தி மாதிரி சுற்றுலாவையே நம்பிய இடங்களில் வரட்டும் என்றவர்கள் அதிகம். வெளித்தீவுகளில் அப்படி இல்லை. அங்கே ஒரு நர்ஸ் இருக்கும் சிறு நிலையம்தான் மருத்துவமனை, மூச்சுத் திணறினால் ஆக்சிஜனுக்கு மணிக்கணக்கில் மோட்டார்படகில் போக வேண்டும். வேலை இழந்து ஹோட்டலிலிருந்து திரும்பிய பிள்ளைகள் மரவள்ளி நட்டு, மீன் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கப் படகுக்காரரின் காசு தேவைப்படாத நேரம் அது. தேவைப்பட்டதெல்லாம் நோய் வராமல் இருப்பது.

இங்கே அவர்களின் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் புரியும். பிஜியில் ஒரு கிராமத்தின் முன்னால் நங்கூரம் போட்டுவிட்டு நேரே குளிக்கவோ மீன் பிடிக்கவோ இறங்கிவிட முடியாது. விரிகுடாவும் பவளப்பாறையும் அந்த ஊருக்கு உரியவை. யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, நாடா கட்டி எடுத்துக்கொண்டு ஊர் நிர்வாகியான துராங்கா நி கோரோவைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் ஊர்த்தலைவரிடம் அழைத்துப்போவார். தொப்பியைக் கழற்றிவிட்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த வேர்க்கட்டை முன்னால் வைக்க வேண்டும். அவர் அதைத் தொட்டு எடுத்து, ஊர்மொழியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டுவார். இதற்குச் செவுசெவு என்று பெயர். பிறகு வேரை இடித்து, தனோவா என்ற மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தருவார்கள். அந்தச் சிரட்டையில் தலைவர் குடிப்பார், நீங்கள் குடிப்பீர்கள், அடுத்தவர் குடிப்பார். நான் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சேற்றுநீர் நிறம், மிளகைக் கடித்த மாதிரி நாக்கு மரத்துப்போகும். குடித்து முடித்தால் அந்த ஊரின் விருந்தாளி ஆகிவிடுவீர்கள். அதன்பின் உங்களுக்கு ஒரு கெடுதல் வந்தால் ஊர்தான் பொறுப்பு.

கொரோனா வந்ததும் அந்தச் சிரட்டையைப் பகிராதீர்கள் என்று சுகாதாரத் துறை சொன்னது. சிரட்டை இல்லாமல் விருந்தாளியை எப்படி ஏற்பது? ஏற்காமல் எப்படி இறங்க விடுவது? நண்பரிடம் முன்பு சுமை தூக்கிய ஒருவர் யசாவா தீவுக்காரர். அவருடைய ஊர்க்கூட்டத்தில் இதைத்தான் இரவெல்லாம் பேசினார்களாம். கடைசியில் படகுகள் விரிகுடாவில் நிற்கலாம், கரையேறக்கூடாது, தேங்காயும் பப்பாளியும் வேண்டுமானால் மணலில் வைத்துவிட்டு விலகிக்கொள்வோம் என்று முடிவாயிற்று. பணம் கேட்கவில்லை. வந்தவரை வெறுங்கையோடு திருப்பிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. இதையா விருந்தோம்பல் இல்லாத குணம் என்பது?

கேள்வி: பெரிய குரூஸ் கப்பல்களால்தானே நோய் பரவியது? சின்னப் படகை ஏன் சந்தேகப்பட வேண்டும்? (மாணவர், திருச்சி)

டயமண்ட் பிரின்சஸ் என்ற குரூஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்று. ரூபி பிரின்சஸ் 2020 மார்ச் 19 அன்று சிட்னியில் ஏறக்குறைய 2,700 பயணிகளை அப்படியே இறக்கிவிட்டது, அதையொட்டி 28 பேர் இறந்தார்கள். ஒரே சாப்பாட்டுக்கூடம், மூடிய அறைகள், வாரம் ஒரு புதுக் கூட்டம் என்று ஓடும் கப்பல்கள் அவை. பாய்மரப் படகில் பெரும்பாலும் தம்பதி இருவர் மட்டுமே இருப்பார்கள். ஆபத்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கரையில் நிற்பவர் தொலைக்காட்சியில் பார்த்தது டயமண்ட் பிரின்சஸைத்தான். வெள்ளைப் படகு எதைக் கண்டாலும் அவருக்கு அதுவே ஞாபகம் வந்ததில் குற்றமில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் வேலை.

கேள்வி: தனிமைப்படுத்தல் என்பது வெள்ளைக்காரன் ஆசியர்களை அவமதிக்கக் கண்டுபிடித்த முறை என்கிறார் எங்கள் தமிழாசிரியர். சரியா? (வாசகி, தஞ்சாவூர்)

அவமதிப்புக்கும் அது பயன்பட்டது உண்மை, உயிரைக் காத்ததும் உண்மை. பிஜிக்கு முதன்முதலில் இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்ற லியோனிடாஸ் கப்பல் 1879 மே 14 அன்று பிஜியின் லெவுகா துறைமுகத்தை அடைந்தபோது கப்பலில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. நான்கு வருடம் முந்திய தட்டம்மைச் சாவுகள் கண்முன் இருந்ததால் யாரையும் ஊருக்குள் விடவில்லை. எதிரே இருந்த சிறுதீவு ஒன்றில் குடிசை போட்டு வைத்தார்கள். நோய் பிஜி மண்ணில் பரவவில்லை. பின்னால் வந்த கூலிகளைச் சுவாவுக்கு வெளியே நுக்குலாவ் தீவில் நிறுத்திப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். 1903 முதல் மதராஸிலிருந்து போன நம்மவர்களும் அந்தத் தீவின் வழியாகப் போனவர்களே. என் நண்பரின் தாத்தாவும் அங்கே நின்றிருக்க வேண்டும். அங்கே அவர்களை ஆடுமாடு போல நடத்தினார்கள் என்பதை மறக்கவும் கூடாது. நங்கூரத்தில் ஐஸ்பெட்டியும் இணையமும் வைத்துக்கொண்டு பத்து நாள் நின்றதைக் கொடுமை என்று எழுதிய சில யாட்காரர்களின் (பாய்மரப் படகுக்காரர்களின்) புலம்பலைப் படித்தபோது எனக்கு நுக்குலாவ்தான் நினைவுக்கு வந்தது, கோபமும் வந்தது.

கேள்வி: கடைசியில் யாட்காரர்கள் நோயைக் கொண்டுவந்தார்களா இல்லையா? (வாசகர், சிங்கப்பூர்)

பிஜியைப் பொறுத்தவரை பெரிய அலை அவர்களால் வரவில்லை. 2021 ஏப்ரலில் நாந்தியில் ஒரு தனிமைப்படுத்தல் மையத்தில், விமானத்தில் வந்தவர்களிடமிருந்து அங்கே பணியில் இருந்த ராணுவ வீரருக்குத் தொற்றி, ஒரு சாவு வீட்டுக் கூட்டத்தில் பரவி, டெல்டா நாடு முழுக்கப் போனது. ஜூலையில் ஒரு நாளில் 1,800 பேருக்கு மேல் கண்டறிந்த நாளும் உண்டு. 9 லட்சம் பேர் உள்ள நாட்டில் அந்த வருட முடிவுக்குள் ஏறத்தாழ 700 சாவு. பிரெஞ்சு பாலினேசியாவிலும் 2020 ஜூலையில் விமானத்தைத் திறந்த பிறகுதான் தொற்று ஆயிரக்கணக்கில் ஏறியது. கிரிபாட்டி இரண்டு வருடம் மூடியிருந்துவிட்டு 2022 ஜனவரியில் முதல் விமானத்தைப் பிஜியிலிருந்து வரவழைத்தது. 54 பயணிகளில் 36 பேருக்குத் தொற்று. பாய்ப்படகு மெதுவாக வரும், அந்த மெதுவே ஒரு காவல். விமானம் நோயை நாலு மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது.

அதற்காக 2020-இல் பயந்தவர்கள் முட்டாள்கள் என்று எழுதாதீர்கள். அவர்களிடம் இந்த முடிவு அப்போது இல்லை. இருந்தது 1875-ம் 1918-ம் மட்டுமே. திட்டம் வெற்றிபெற்றதற்கே ஒரு காரணம் ஊர்கள் கரையில் நின்று கண்காணித்ததுதான் என்பேன். மாரினாவில் என் நண்பர் காய்கறிப் பெட்டியை மிதவைப் பலகையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்பார், படகுக்காரர் வந்து எடுப்பார், நோட்டுகளை சானிடைசர் தெளித்த டப்பாவில் போடுவார். அந்த ஒழுங்கை அரசாங்கம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

கேள்வி: நியூசிலாந்து படகுகளை அனுமதிக்கவில்லையே, புயல் காலத்தில் அவர்கள் எங்கே போவார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

தென்பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். வழக்கமாக அக்டோபரில் தீவுகளை விட்டுக் கிளம்பி நியூசிலாந்துக்கு ஓடிவிடுவார்கள். 2020-இல் நியூசிலாந்து மனிதாபிமானக் காரணம் போன்ற விலக்கு உள்ளவர்களை மட்டும் விட்டது, புயல் வரும் என்பதை மட்டும் போதிய காரணமாக ஏற்கவில்லை. அது அதிகப்படியான கண்டிப்பு என்பது என் கருத்து. கரிபியன் கடலில் உள்ள கிரெனடா வேறு மாதிரி செய்தது. அங்கேயும் புயல் பயம், அங்கேயும் சின்னத் தீவு. உள்ளூர்ப் படகுத் தொழில் சங்கம் வரப்போகிறவர்களை முன்கூட்டியே பதிவு செய்து, செயின்ட் ஜார்ஜஸ் நகருக்கு வெளியே நங்கூர இடம் ஒதுக்கி, 14 நாள் நிறுத்தி, பரிசோதித்து உள்ளே எடுத்தார்கள். அங்கே இதில் முன்னால் நின்றது உள்ளூர்க்காரர்களே. பிஜியிலும் 2016-இல் வின்ஸ்டன் புயல் 44 பேரைக் கொன்றபோது வெளித்தீவுகளுக்குத் தண்ணீரும் கூரைத்தகடும் கொண்டுபோனவர்களில் யாட்காரர்களும் உண்டு. அதை மறக்காத ஊர்கள் இருக்கின்றன. 2020-இல் அந்த நட்பிலிருந்து தொடங்கியிருந்தால் பாதி மனக்கசப்பு வந்திருக்காது.

கேள்வி: கப்பல்காரராகிய நீங்கள் யாட்காரர்களுக்குப் பரிந்து பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கரைக்காரர் பக்கம் பேசுகிறீர்களே! (முன்னாள் துறைமுகத் தொழிலாளி, தூத்துக்குடி)

அண்ணாச்சி, கடலில் இருக்கும் எல்லோரும் ஒன்றல்ல. 2020 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சரக்குக் கப்பல்களில் சிக்கியிருந்த மாலுமிகள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். விதிப்படி ஒருவர் தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகவே கப்பலில் இருக்கலாம், அதைத் தாண்டி எத்தனையோ பேர் இருந்தார்கள். உலகத்துக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக ஏற்று, அவர்கள் வீடு திரும்ப வழிசெய்ய வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட டிசம்பர் ஆனது.

என் தங்கை மகன் ஒரு பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பலில்) மூன்றாம் இன்ஜினியர். கடைவாய்ப்பல் சீழ் வைத்து ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது. ஒரு துறைமுகத்தில் கப்பல் கரையோடு ஒட்டிக் கட்டியிருக்கிறது, வார்ஃப் விளக்குகள் தெரிகின்றன, பல் வைத்தியரிடம் போக அனுமதி இல்லை. கேப்டன் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டுக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டு என்ஜின் ரூமில் இறங்கி வேலை பார்த்தான். வீடியோவில் அவன் வாயைத் திறந்து காட்டியபோது என் தங்கை போனைக் கீழே வைத்துவிட்டாள். அதே மாதத்தில் சொகுசுப் படகு முதலாளிகளுக்குத் தனிப் பாதை போட்டு வரவேற்ற செய்தி வருகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கிரிபாட்டி நாட்டு மாலுமிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மாதக்கணக்கில் விடுதியில் கிடந்தார்கள், சொந்த நாடே திறக்காததால்.

ஆகையால் யாட்காரர்களை விடாதே என்று நான் சொல்லவில்லை. விடத் தெரிந்த அரசுகளுக்கு மாலுமியை விடவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த 14 நாள் கணக்கு அவனுக்கும் பொருந்தும். ஒரு மாதம் கடலில் இருந்துவிட்டு வருகிறவனைவிடச் சுத்தமாகத் தனிமைப்பட்டவன் யார்?

கேள்வி: கொள்ளைநோய்க் காலத்தில் படகுச் சுற்றுலா பற்றி ஊர்மக்களின் மனநிலையை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன். என்ன கேட்க வேண்டும்? (ஆய்வு மாணவி, சென்னை)

நல்ல காரியம் அம்மா. ஆதரவா எதிர்ப்பா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள் என்று தாளை நீட்டாதீர்கள். நண்பர் வீட்டில் அந்தத் தாளை நீட்டியிருந்தால் மகன் ஐந்து போட்டிருப்பார், அம்மா ஒன்று போட்டிருப்பார், நீங்கள் மூன்று என்று சராசரி எழுதியிருப்பீர்கள். அந்த வீட்டில் மூன்று என்ற மனம் யாருக்குமே இல்லை.

படகை எதிர்கொள்ளப் போவது வீட்டில் யார், அவர் திரும்பி வரும்போது வீட்டில் இருப்பது யார் என்று கேளுங்கள். அருகில் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, அங்கே போக எரிபொருளுக்கு என்ன செலவு என்று கேளுங்கள். இந்தத் திட்டம் உங்களுக்கு எப்போது தெரிந்தது, ரேடியோவில் சொல்வதற்கு முன்பு யாராவது வந்து கேட்டார்களா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து ஊர்க்காரர்களின் மனக்குறை முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. வந்த காசில் மாரினாவில் எவ்வளவு நின்றது, ஊருக்கு எவ்வளவு போனது என்பதையும் விசாரியுங்கள்.

யங்கோனா சபையில் ஆண்களிடம் பேசிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். நோயாளியைப் பார்த்துக்கொள்வது பெண்கள், அவர்களோடு தனியாக உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சர்ச் நாள். முழங்கால் மறையும் உடை, தலையில் தொப்பி வேண்டாம், பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நாந்தி மார்க்கெட்டில் அரைக்கிலோ வேர்க்கட்டு வாங்கிப் போங்கள், அதை நீங்களே துராங்கா நி கோரோவிடம் கொடுங்கள், டாக்சிக்காரர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.